சுவரில் மாட்டிய குற்றவாளி

கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாள். விண்ணப்பத் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் போன் போட்டு அழுதார்கள்.

சேர்க்கை இயக்குநர் ஆளவந்தார், தளத்தைக் கவனிக்கும் ஒப்பந்த ஊழியர் பூங்கோதையைப் பிடித்துக் கத்தினார்: "இதுக்குக் காரணமான குற்றவாளியைக் கொண்டுவந்து என் முன்னாடி நிறுத்து. இல்லைன்னா நீ வீட்டுக்குப் போ!"

பூங்கோதை சர்வர் பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கொண்டுவர முடியாது சார். உங்க ரூம் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கு."

வருகிறவர்களிடம் பெருமையடிக்க, விண்ணப்ப எண்ணிக்கையைக் காட்டும்படி அவர் மாட்டிய டிவி! மொத்தம் எத்தனை என்று நொடிக்கு நொடி சர்வரை முதலிலிருந்து எண்ண வைத்து, அதன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் ரூமுக்குள் போய், எல்லாரும் பார்க்க அவள் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். அடுத்த நிமிஷமே தளம் திறந்தது.

பிளக்கை வயரோடு இழுத்து அவர் மேஜையில் போட்டாள்.

"இந்தாங்க சார், குற்றவாளி. மாட்டச் சொன்னவர் எப்போ வீட்டுக்குப் போறார்?"