ஆறு மணி இருபது நிமிஷ கேஸ்

இந்தக் கதை நடந்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு என்னோடு சண்டைக்குக் கிளம்புவார்கள். கிளம்பினால் வழி தெரியாமல் வேறு யார் வீட்டுக்காவது போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். முகம் தெரியாத அந்த மனிதரின் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒருவன். வயது நாற்பத்தொன்று. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை. அவனுக்கு இரண்டு தம்பிகள், பூவலிங்கம், உச்சிமாகாளி. தாய் தகப்பன் இல்லை. பெரியவனுக்கு முடிந்தால்தான் சின்னவர்களுக்குப் பேச்சு எடுக்க முடியும் என்பதால், மூன்று பேருமே அண்ணனுடைய கல்யாணத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

போன வருஷம் ஒரு வரன் கிட்டத்தட்டக் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துபோய்விட்டது. பாதி வெந்த ரவையை வந்தவர்கள் மரியாதைக்கு இரண்டு வாய் மென்றுவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்று எழுந்தார்கள். அன்றைக்கிருந்து கொம்பையா தபால்காரரை தினமும் விசாரிக்கிறான். தபால்காரர் இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாக வருவதில்லை.

ஐப்பசியில் மறுபடியும் ஒரு வரன் வந்தது. தரகு பார்க்கிற மாடத்தி வந்து விவரம் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காலைல பொண்ணு வீட்டுக்காரவ வாராவ. மூணு ஆம்பிளையா இருக்க வீடு. அடுப்பு எரியுதான்னுதான் முதல்ல பாப்பாவ. கடையில வாங்கி வைக்காதீங்க, வீட்டுல கேசரி கிண்டுங்க. கேஸ் எவ்வளவு கிடக்குன்னு இப்பவே தெரிஞ்சு வச்சிக்கோங்க."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் புது சிலிண்டருக்குப் பதிவு செய்திருப்பார்கள். நம் ஆட்கள் மாடத்தி சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். அவள் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதனால் சிலிண்டர் போடுகிற பால்ராஜைத் தேடிப்போய் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்கள்.

பால்ராஜ் அவசரத்தில் இருந்தான். "ஈரத்துணிய வச்சு சிலிண்டரத் துடைங்க. கேஸ் இல்லாத இடம் சட்டுனு காஞ்சிரும். கேஸ் இருக்க இடம் காயாது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

நல்ல யோசனைதான். ஆனால் வெளியே மூன்று நாளாக அடைமழை. கொம்பையா சிலிண்டரைத் துடைத்துவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் ஆகியும் சிலிண்டர் அடியிலிருந்து முடி வரைக்கும் சொதசொதவென்று இருந்தது.

"அண்ணே, முழு சிலிண்டர்" என்றான் உச்சிமாகாளி.

கொம்பையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது பூவலிங்கம் சுவரில் கை வைத்துப் பார்த்தான். "இந்தச் சுவரும் காயல அண்ணே."

"அப்பம் சுவத்துலயும் கேஸ் இருக்கு."

"கொடியில கிடக்க என் வேட்டி நாலு நாளா காயல."

மூவரும் வேட்டியை மரியாதையோடு அண்ணாந்து பார்த்தார்கள். அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் வேட்டிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கவில்லை.

இருந்தாலும் கொம்பையாவின் மனசு கேட்கவில்லை. போன வருஷத்துக் கேசரி அவன் நெஞ்சிலேயே நின்றது. புதன்கிழமை மறுபடியும் பால்ராஜை மடக்கினார்கள்.

"அப்பம் எடை போடுங்க" என்றான் பால்ராஜ். "சிலிண்டர் மேல எழுதியிருக்கது காலி சிலிண்டரோட எடை. தராசுல வார எடையில அதக் கழிச்சா மிச்சம் கேஸ். போற வழியில உருட்டி விட்றாதீங்க. பிடிச்ச பிடிய விடாம கொண்டுபோங்க."

உச்சிமாகாளி சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனான். பிடித்த பிடியை விடாமல் அப்படியே தராசில் ஏறி நின்றான். எழுபத்தைந்து கிலோ காட்டியது. சிலிண்டரில் பதினாறு என்று எழுதியிருந்தது. பூவலிங்கம் ஒன்பதாவது வரைக்கும் போனவன். கழித்தான்.

"ஐம்பத்தொம்பது கிலோ கேஸ்."

மில்காரர் சிரித்தார். "முழு சிலிண்டர்லயே பதினாலு கிலோதாம்ல இருக்கும். தம்பி எடையும் சேர்ந்துல்லா வருது. அவன் எடையத் தனியா போட்டு அதையும் கழி."

நியாயமான பேச்சு. உச்சிமாகாளியை இறங்கச் சொன்னார்கள், தனியாக ஏறச் சொன்னார்கள். அவன் தனியாகத்தான் ஏறினான். அண்ணன்மார் யாரும் கூட ஏறவில்லை. ஆனால் பால்ராஜ் சொன்ன பிடியை அவன் விடவில்லை. மறுபடியும் எழுபத்தைந்து.

பூவலிங்கம் எழுபத்தைந்தில் எழுபத்தைந்தைக் கழித்தான். முகம் கறுத்துவிட்டது.

"அண்ணே, ஒண்ணுமே இல்ல. சிலிண்டர் கூட இல்ல."

மில்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் வேண்டாம் என்று மாவு அரைக்கப் போய்விட்டார். வீடு திரும்பியதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"துணி முழுசுன்னு சொல்லுது. தராசு இல்லைன்னு சொல்லுது. எத நம்ப?" என்றான் கொம்பையா.

"ரெண்டும் வேண்டாம்" என்றான் பூவலிங்கம். "எரிய விட்டு மணி பாப்போம். எத்தன மணி நேரம் எரியுதோ அத்தன மணி நேர கேஸ். இதுல ஒரு பொட்டுக்கூட தப்பு வராது."

"அப்படியே மேல கேசரியையும் கிண்டிரலாமா?" என்று கொம்பையா தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கேசரி வச்சா அது கொஞ்சம் கேஸைத் தின்னுரும்லா? கணக்கு உதைக்கும்" என்றான் உச்சிமாகாளி. அண்ணன் தன் அவசர புத்தியை நினைத்து வெட்கப்பட்டான்.

வியாழக்கிழமை காலை சரியாக ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்கள். மேலே ஒன்றும் வைக்கவில்லை. எட்டு மணியானது, எரிந்தது. ஒன்பதானது, எரிந்தது. ஒரு கேசரிக்கு அரை மணி என்று வைத்து, கொம்பையா விரலை மடக்கிக்கொண்டே வந்தான். பதினொரு மணிக்கு எட்டுக் கேசரி ஆகியிருந்தது. இவ்வளவு கேஸை வைத்துக்கொண்டா பயந்தோம் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் ஒன்று இருபதுக்குத் தீ சுருங்கி, 'பக்'கென்று அணைந்தது. கொம்பையா ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினான். 'கேஸ் இருப்பு: ஆறு மணி இருபது நிமிஷம்.' எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் ரவையை வறுக்க அடுப்பைத் திருப்பினான். பற்றவில்லை. மறுபடியும் திருப்பினான். சுவரைப் பார்த்தான். சுவரில் ஆறு மணி இருபது நிமிஷம் அப்படியே இருந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

பெண்ணின் தகப்பனார் ஆவுடையப்பன், அவர் மனைவி கோமதி, இன்னும் இரண்டு பேர். ஆவுடையப்பன் நேராக அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் படித்தார். கொம்பையா எதையும் மறைக்காமல் சொன்னான். துணி, தராசு, கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, "லெட்டர் போடுங்க மாமா" என்று தலையைத் தொங்கப் போட்டான்.

ஆவுடையப்பன் அவன் தோளில் கை வைத்தார்.

"இவ்வளவு துல்லியமா கணக்கு வச்சிருக்க வீட்ட நான் பாத்ததே இல்ல மாப்பிள்ள. எங்க வீட்டுல நாலு வருஷம் முன்ன சிலிண்டர் வாங்கினோம். எரிச்சா குறையும், குறைஞ்சா எவ்வளவு இருக்குன்னு தெரியாம போயிரும்னு இன்னைக்கு வரைக்கும் மூடியத் திறக்கல. விறகுதான். ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், முழுசா இருக்கு."

மூன்று பேரும் அதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். வேன் உடனே ஊருக்குப் பறந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சிலிண்டர் வந்து இறங்கியது. கூடவே, அதை வேறு யாரையும் தொட விடாத பெண் இசக்கியம்மாளும் இறங்கினாள். முப்பத்தைந்து வயது, சிலிண்டரைக் குழந்தை மாதிரி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கொம்பையாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

சிலிண்டரை மாட்டி, வாணலியை வைக்கப் போகும்போது உச்சிமாகாளி கையை நீட்டித் தடுத்தான்.

"மாமா முழுசுன்னு சொல்லுதாவ. சரி. அளந்து பாத்தாவளா?"

ஆவுடையப்பனின் மீசை துடித்தது.

"நான் பொய்யா சொல்லுதேன்? வை கடிகாரத்த."

இரண்டு பர்னரையும் பற்றவைத்தார்கள். மேலே ஒன்றும் வைக்கவில்லை. மதியம் எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்தார்கள். வேன்காரர் போய் மாற்றுத்துணி கொண்டுவந்தார். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை போட்டுக்கொண்டு தீயைப் பார்த்தார்கள். சனிக்கிழமை மதியம் கொம்பையாவும் இசக்கியம்மாளும் உட்கார வேண்டிய முறை வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை.

"நல்லா நீலமா எரியுது" என்றாள் அவள் கடைசியில்.

"ஆமா" என்றான் அவன். அதற்குமேல் பேச ஒன்றும் இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தீ சுருங்கியது. எல்லோரும் ஓடி வந்து கூடினார்கள். 'பக்.' பூவலிங்கம் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினான். கொம்பையா கரித்துண்டால் பழைய கணக்குக்குக் கீழே எழுதினான். 'மாமா சிலிண்டர்: ஐம்பது மணி பத்து நிமிஷம்.'

ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "முழு சிலிண்டர்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

உச்சிமாகாளி அவர் காலில் விழுந்தான். "மாமா, சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"எந்திரிய்யா. சம்பந்தம் ஆயாச்சு, இனி என்ன மன்னிப்பு" என்று அவனைத் தூக்கி நிறுத்தினார் ஆவுடையப்பன். பிறகு வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொல்லி மனைவியிடம் கண்ணைக் காட்டிவிட்டு, கொம்பையா பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு கேஸ் இருக்குன்னு இப்பம் எல்லாருக்கும் தெளிவாத் தெரிஞ்சு போச்சு. இனி தைரியமா கேசரியக் கிண்டுங்க மாப்பிள்ள."

கொம்பையா வாணலியை அடுப்பில் வைத்து நெய்யை ஊற்றினான்.