நடுவரை நீக்கச் சொன்ன மனு

சலேத்தம்மாளிடம் முயல் வளர்க்கக் கற்றுக்கொண்டவர்கள் அந்த மலையில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சடையாண்டி. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, சலேத்தம்மாளுக்கு நாற்பத்து மூன்று. சலேத்தம்மாள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

ஒரு வியாழக்கிழமை மதியம், தூறலில், சடையாண்டி டீச்சரின் முயல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். ஏழு கிலோமீட்டர் நடந்திருந்தார். சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதம் ஒன்று மடித்து வைத்திருந்தார். ஆள் நனைந்திருந்தார், காகிதம் நனையவில்லை.

சலேத்தம்மாள் மழையில் அறுத்து வந்த தழையைத் தரையில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். ஈரத் தழையைத் தின்றால் முயலுக்கு வயிறு ஊதிவிடும்.

“என்னண்ணே, பஸ் வரலையா?”

“பஸ்சுக்கு நின்னா திங்கக்கிழமை ஆயிரும். கையெழுத்துப் போடுங்க டீச்சர்.”

“உக்காந்துட்டுக் கேளுங்களேன்.”

“போட்டதும் உக்கார்றேன்.”

சலேத்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். சத்தமாகவே படித்தார்.

“முயல் வளர்ப்போர் சங்கத்துக்கு. நடுவர் பெனடிக்ட் என்பவருக்கு முயலைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு நடுவர் முதல் பரிசு கொடுத்த முயலை இவர் ஒன்பதாவதாகத் தள்ளினார். ஆகவே இவர் இனி எந்தப் போட்டியிலும் நடுவராக நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம்.”

கீழே பதினொரு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.

நடந்தது இதுதான். சடையாண்டியிடம் ஒரு பெட்டை முயல் இருந்தது. நல்ல வெள்ளை, நாலரைக் கிலோ. துரைசாணி என்று பெயர் வைத்திருந்தார். தை மாதப் போட்டியில் கனகசபை என்ற நடுவர் அதன் முதுகைத் தடவிவிட்டு, உடம்பு என்றால் இது உடம்பு என்று சொல்லி முதலிடம் கொடுத்தார். ஒரு எவர்சில்வர் குடம் கிடைத்தது. சடையாண்டி அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார்.

பங்குனிப் போட்டியில் பெனடிக்ட் நடுவர். அவர் துரைசாணியின் ரோமத்தை வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒரு தடவை நீவினார். நல்ல ரோமம் என்றால் கையை எடுத்ததும் சட்டென்று திரும்பிப் படிய வேண்டும். துரைசாணியின் ரோமம் எழுந்து அப்படியே நின்றது. பெனடிக்ட் ஒன்பதாவது என்றார். அதோடு விட்டிருக்கலாம். கையில் மைக் இருந்தது. “இது முயல் இல்லைங்க, பஞ்சு மூட்டை” என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து டீக்கடையில் சடையாண்டிக்குப் பெயர் பஞ்சண்ணன். துரைசாணியின் குட்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். முப்பது வருஷம் முட்டைக்கோஸ் லாரி ஓட்டிய மனுஷன். மலைப்பாதையில் ஒருநாளும் ஒருவனும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. மறந்துவிடு என்று பலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் அன்று பந்தலில் சிரித்தவர்கள்.

திங்கட்கிழமை சங்கக் கூட்டம். டீச்சர் கையெழுத்து இல்லாத மனுவைச் சங்கம் எடுக்காது.

“மைக்குல சொன்னதை ஏன் எழுதலை?” என்றார் சலேத்தம்மாள்.

சடையாண்டி தகரக் கூரையைப் பார்த்தார். “அதை எழுதுனா, கையெழுத்துப் போடுறவன் எல்லாம் இன்னொருக்கா வாசிப்பான்.”

“அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதை எழுதியிருந்தா இப்பவே போட்டிருப்பேன். நீங்க அவருக்கு முயல் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க.”

“தெரியாதுதான்! அந்தாளுக்கு முயலுக்கும் மூட்டைக்கும் வித்தியாசம் தெரியலையே.”

“உங்களுக்குத் தெரியுமா அண்ணே?”

“என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்.”

“அப்ப எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்க. பன்னிரண்டு முயல் கொண்டாந்து வைக்கிறேன். ஒண்ணுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் வரிசை சொல்லுங்க. இன்னைக்கு ஒரு தரம், சனிக்கிழமை ஒரு தரம்.”

“பார்த்தா கையெழுத்துப் போடுவீங்களா?”

“போடுறேன்.”

“சனிக்கிழமை வேற பேச்சுப் பேச மாட்டீங்களே?”

“போடுறேன்னா போடுறேன்.”

சடையாண்டி ஈரச் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டார். மேசையில் சாக்கை விரித்தார். சலேத்தம்மாளின் கொட்டகையில் எண்பது முயல்கள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே சிவப்புக் கண். ஒவ்வொன்றுக்கும் இடது காதின் உள்பக்கம் பச்சை குத்திய எண் உண்டு. போட்டியில் நடுவர் அந்த எண்ணைப் பார்க்கக் கூடாது. முயலைத் தூக்கி வருகிறவர்தான் பார்த்துக் குறித்துக்கொள்வார். சலேத்தம்மாள் தூக்கி வந்தார், அவரே குறித்துக்கொண்டார்.

சடையாண்டி அவசரப்படவில்லை. முன்னங்கால்களை ஒட்டி வைத்தார். பின்னங்கால்களைச் சரிப்படுத்தினார். பல்லைப் பார்த்தார். கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையை ஓட்டினார்.

“இது பாருங்க டீச்சர். இடுப்பெலும்பு கையில தட்டுதா? தட்டலை. முதுகு கவுத்துப் போட்ட சட்டி மாதிரி இறங்குது. இதுக்குத்தான் முதல் இடம். அந்தாளுக்கு இதைக் காட்டணும்.”

“முதல் இடம். சரி.”

இன்னொன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது ஒடம்பே இல்லை.”

“ரோமம் நல்லா இருக்கே?”

“ரோமத்தையா திங்கப் போறோம்? பதினொண்ணு.”

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. சலேத்தம்மாள் தாளை மடித்துத் தீவன டப்பாவின் அடியில் வைத்தார். அவர் கொடுத்த கட்டன் காப்பியைச் சடையாண்டி நின்றபடியே குடித்தார்.

“இப்பவாவது உக்காருங்களேன்.”

“சனிக்கிழமை உக்கார்றேன் டீச்சர்.”

வெள்ளிக்கிழமை டீக்கடையில் அவர் இந்தச் செய்தியைச் சொன்னார். டீச்சரே தன்னை நடுவராக நிற்கச் சொல்லியிருக்கிறார் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு மார்பு நிறைந்தது. அப்போது உருளைக்கிழங்கு மண்டி பால்ச்சாமி, டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டான்:

“ஒடம்பு உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கிறேன். ரோமம் தெரியுமா பஞ்சண்ணே?”

சடையாண்டி டீக்காசை வைத்துவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்குப் போய்த் தன்னிடமிருந்த இருபத்தாறு முயல்களையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக நீவிப் பார்த்தார். இருட்டும் வரை நீவினார். அவர் மனைவி பொன்னாத்தா, “முயல் வழுக்கையாயிரும், விடுங்க” என்றாள். அவர் விடவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே வெயில் அடித்தது. சடையாண்டி முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு வந்தார். சட்டைப் பையில் பேனா கூட இருந்தது.

“இன்னைக்கும் பன்னிரண்டுதானே?”

“பன்னிரண்டுதான்.”

சலேத்தம்மாள் முதல் முயலைத் தூக்கி வந்து சாக்கின் மேல் விட்டார். சடையாண்டி இந்த முறை முதுகில் கை ஓட்டவில்லை. நேராக ரோமத்தை எதிர்ப்பக்கம் நீவினார். கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அடுத்தது. அதற்கும் அப்படியே.

“ஒடம்பு பார்க்கலையா?” என்றார் சலேத்தம்மாள்.

“ஒடம்பு தீனியில வந்துரும் டீச்சர். ரோமம் பிறப்புல வரணும். ரோமம் தெரியாதவன் முயலைத் தொடக் கூடாது.”

ஆறாவது முயலில் அவர் முகம் மலர்ந்தது. “அடேயப்பா! கையை எடுக்கிறதுக்கு முந்தி படிஞ்சிருச்சு பாருங்க. இதுக்கு முதல் இடம். வெயில்ல என்னமா மினுங்குது!”

“முதல் இடம். சரி.”

ஒன்பதாவது வந்தது. கனமான முயல். அவர் நீவினார். ரோமம் எழுந்து அப்படியே நின்றது. இன்னொரு முறை நீவினார்.

“நின்னுக்கிட்டே இருக்கே. சும்மா ஊதிப்போய் ஒரு பஞ்சு...”

நிறுத்திக்கொண்டார்.

சலேத்தம்மாள் தாளிலிருந்து நிமிரவில்லை.

“எத்தனாவது அண்ணே?”

“பத்து,” என்றார் மெதுவாக.

மீதி மூன்றையும் பார்த்து முடித்தார். பின்பு தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு பிளாஸ்டிக் பையிலிருந்து மனுவை எடுத்தார்.

சலேத்தம்மாள் டப்பாவின் அடியிலிருந்து வியாழக்கிழமைத் தாளை எடுத்தார். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதையும் பார்த்துருங்க.”

சடையாண்டி கண்ணாடியை மாட்டினார். வியாழன், முதல் இடம், எண் நாற்பத்தொன்று. சனி, பத்தாவது இடம், எண் நாற்பத்தொன்று. வியாழன், பதினொன்றாவது இடம், எண் பதினெட்டு. சனி, முதல் இடம், எண் பதினெட்டு. மற்றவையும் அப்படித்தான், ஒன்று மேலே போயிருந்தது, ஒன்று கீழே வந்திருந்தது. இரண்டு முயல்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

“வேற முயல்னு நெனச்சேன்.”

“நான் வேறன்னு சொல்லலையே.”

அவர் நம்பவில்லை. கூண்டுக்குப் போய் அந்தக் கனமான முயலைத் தூக்கினார். அதன் இடது காதை வெயிலுக்கு எதிராகப் பிடித்தார். மெல்லிய காது இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதற்குள் பச்சைப் புள்ளிகளில் நாற்பத்தொன்று.

“அன்னைக்கு மழை,” என்றார். “ஈரக் காத்துல எல்லா ரோமமும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.”

“இருக்கும்.”

“இன்னைக்கு வெயிலு. ரோமம்தான் கண்ணுக்குப் படும்.”

“படும்.”

“அந்தப் பால்ச்சாமி பய வேற...”

“அவன் கேட்டதையும் சொன்னாங்க.”

சடையாண்டி முயலைக் கூண்டுக்குள் விட்டுக் கொக்கியைப் போட்டார். தகரத்தில் சாய்ந்து நின்றார். அவர் வந்த காரியத்தை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

“ரெண்டு நாளும் மனசறிஞ்சுதான் சொன்னேன் டீச்சர். ஏமாத்தணும்னு சொல்லலை.”

“தெரியும்.”

“இதுல எது சரி? வியாழக்கிழமை சொன்னதா, இன்னைக்குச் சொன்னதா?”

சலேத்தம்மாள் உலர்ந்த தழையில் ஒரு கைப்பிடி எடுத்து நாற்பத்தொன்றின் கூண்டுக்குள் போட்டார். இன்னொரு கைப்பிடி எடுத்துப் பதினெட்டின் கூண்டுக்குள் போட்டார்.

சடையாண்டி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மனுவை நீட்டினார்.

“எப்படி இருந்தாலும் சொன்ன சொல்லு இருக்கு. ரெண்டு நாளும் வந்துட்டேன். கையெழுத்துப் போடுங்க.”

“கண்டிப்பா.”

“எல்லாம் தெரிஞ்சுமா போடுறீங்க?”

“போடுறேன்னு சொன்னேன்ல? பேனா குடுங்க.”

சடையாண்டி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். சலேத்தம்மாள் மனுவைச் சாக்கின் மேல் வைத்து, பதினொரு கையெழுத்துக்கும் இரண்டு கைநாட்டுக்கும் கீழே, தன் பெயரை முழுசாக எழுதினார். தேதி போட்டார். பிறகு பேனாவை மேலே கொண்டுபோய், பெனடிக்ட் என்ற பெயரின் மேல் மட்டும் ஒரு கோடு இழுத்தார். காகிதத்தையும் பேனாவையும் சடையாண்டியின் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு ஸ்டூலை எடுத்து வந்து அவருக்கு அருகில் போட்டார்.

“உக்காந்து நிதானமா எழுதுங்கண்ணே. வியாழக்கிழமை சடையாண்டியை நீக்கணுமா, சனிக்கிழமை சடையாண்டியை நீக்கணுமா? பேர் மட்டும்தான் பாக்கி.”