ஐம்பது கிலோ

சிகாமணிக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியவர். எல்லாம் பெரிய கணினிகளில் ஓடுபவை. அந்த வேலை போன பிறகு, டேப்லெட்டுக்கும் செல்போனுக்கும் செயலி எழுதப் பழக வேண்டுமென்று சேலத்தில் சின்ன செயலி நிறுவனம் நடத்தும் மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்தார். மெஹருன்னிசாவுக்கு முப்பத்தொன்றுதான் ஆகியிருந்தது. வயதில் சின்னவரானாலும் சொல்லித்தருகிறவர் குருதான் என்று சிகாமணி நினைத்தார். ஒருநாளும் அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை.

அங்கே அவர் எழுதிய முதல் செயலி மலைக் கிராமத்துச் செவிலியர்களுக்கானது. கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியர், விவரங்களை டேப்லெட்டில் பதிய வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு கேள்விகள். ஒன்றை விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. ஈ நுழைய இடமில்லாமல் கட்டிவிட்டதாக அவருக்கு உள்ளூரப் பெருமை.

மூன்றாம் மாதம் பதிவுகளைத் திறந்து பார்த்தவர் திகைத்துப்போனார். அஞ்சலை என்ற செவிலியர் பதிந்திருந்த நாற்பத்தொரு கர்ப்பிணிகளில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே எடை. ஐம்பது கிலோ.

நேரே மெஹருன்னிசாவிடம் போனார்.

“மேடம், பொய்யை எப்படித் தடுக்கிறது?”

“என்ன பொய் சார்?”

காட்டினார்.

“ஒரே எடையைத் திரும்பப் போட்டா எச்சரிக்கை வர்ற மாதிரி எழுதிடறேன். எடை மெஷினைப் போட்டோ எடுத்தாத்தான் அடுத்த பக்கம்னு வச்சிடலாம்.”

“எழுதலாம். வியாழக்கிழமை மலைக்குப் போயிட்டு வந்து எழுதுங்க. நானும் வரேன்.”

வியாழக்கிழமை அஞ்சலையோடு மலையேறினார்கள். முதல் வீட்டு வாசலில் மெஹருன்னிசா டேப்லெட்டை வாங்கி சிகாமணியின் கையில் கொடுத்தார்.

“இன்னிக்கு சார் பதியட்டும். நீங்க உங்க வேலையைப் பாருங்க அக்கா.”

அந்த வீட்டில் இளஞ்சியம் என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம். பாயில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். சிகாமணி எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.

“வீட்டுக்காரர் பேரும்மா?”

“மாதேஸ்.”

“குடிக்கிற தண்ணி எங்கேருந்து?”

“ஊத்துத் தண்ணிங்க. தலை ரொம்ப வலிக்குதுங்க.”

“அந்தக் கேள்வி பின்னால வருதும்மா. வீட்ல கழிப்பறை இருக்கா?”

அதற்குள் அஞ்சலை அவள் கையில் ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றியிருந்தார்.

“நூத்தி எழுபதுக்கு நூத்திப்பத்து,” என்றார் மெதுவாக. இளஞ்சியத்தை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். “கண்ணு எப்படித் தெரியுது தங்கம்?”

“மங்கலாத் தெரியுதுக்கா.”

“சார், ஆஸ்பத்திரிக்குத் தகவல் போற பட்டனை அமுக்குங்க.”

அந்தப் பட்டன் கடைசிப் பக்கத்தில், அறுபத்திரண்டாவது கேள்விக்குக் கீழே இருந்தது. அங்கே வைத்தது யார் என்று சிகாமணிக்குத் தெரியும்.  செயலி எடை கேட்டது. அந்தப் பெண்ணால் எழுந்து நிற்க முடியாது. காலியாக விட்டுப் பார்த்தார், நகரவில்லை.

ஐம்பது என்று தட்டினார்.

அடுத்தடுத்த கேள்விகளுக்கும் கையில் பட்டதைத் தட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் திறந்தபோது வெளியே ஜீப் சத்தம் கேட்டது. அஞ்சலை எப்போதோ போன் செய்து வரவழைத்துவிட்டார். இளஞ்சியத்தைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். மற்ற இருவரும் நடந்தே மலையிறங்கினார்கள்.  

மூன்றாம் நாள் அஞ்சலை சிகாமணிக்குப் போன் செய்தார். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்களாம். பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் பால் குடிக்கிறது. தாய்க்கு ஆபத்து நீங்கிவிட்டது.

சிகாமணி போனை வைத்தார். பிறகு எழுந்து மெஹருன்னிசாவின் மேசைக்குப் போனார்.

“முப்பத்தெட்டு இப்ப முப்பத்தொன்பது ஆயிடுச்சு மேடம்.”

“பார்த்தேன் சார்.”

“அந்தப் பட்டனை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டேன். எச்சரிக்கை, போட்டோ எதுவும் வேண்டாம். கேள்வியைத்தான் எங்கே நிறுத்தறதுன்னு தெரியல. இருபது வச்சுக்கலாமா? பத்து?”

மெஹருன்னிசா கணினியிலிருந்து திரும்பினார்.

“உள்ளே நுழைஞ்சதுமே அஞ்சலை அக்கா என் காதுல சொன்னாங்க, அந்தப் பொண்ணு முகம் வீங்கியிருக்குன்னு. நீங்க எப்பப் பார்த்தீங்க சார்?”

சிகாமணி நினைத்துப் பார்த்தார். மாதேஸ் என்ற பெயர் நினைவில் இருந்தது. ஊற்றுத் தண்ணீர் இருந்தது. முகம் வரவில்லை.