செண்பகவல்லி ஊத்துன தண்ணி

ஒரு ஊர்ல ஒரு செண்பகவல்லி இருந்தா. ஊருன்னா பெரிய ஊரு இல்ல. கொள்ளிடம் ஆத்துக்கு நடுவுல ஒரு மண்ணுத் திட்டு, அதுமேல கொஞ்சம் வீடு, சுத்திலும் நாணல். அவ்வளவுதான். இந்தக் கரைக்குப் போகணும்னாலும் படகு, அந்தக் கரைக்குப் போகணும்னாலும் படகு. கேக்குறியா? ம் கொட்டணும், ஆமா. ம்.

செண்பகவல்லி வீட்டுக்கு அடுத்த வீடு அமலோற்பவம் வீடு. வாய் வலிக்குதுன்னு எல்லாரும் அமலுன்னுதான் கூப்புடுவாங்க. அமலு வேதக்காரப் பொண்ணு. அந்தத் திட்டுல வேதக்காரங்க வீடு அது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை வந்தா அவளும் அவ புருஷன் இஞ்ஞாசியும் தலையப் படிய வாரிக்கிட்டு, படகேறி அக்கரையில இருக்கிற மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவாங்க. செண்பகவல்லி அய்யனாருக்குப் பொங்க வைக்கிறவ. கோயில் மணி காத்துல கேட்டா அக்கரையப் பாத்து ஒரு கும்புடு போடுவா. அவளுக்கும் அந்தச் சாமிக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

அப்போ ஒரு ஐப்பசியில மழை புடிச்சுக்கிச்சு. சோ...ன்னு விடாம ஊத்துது. மேல அணையத் தொறந்துட்டாங்கன்னு தண்டோரா வந்துச்சு. அப்புறம் என்ன, சட்டி பானை, ஆடு மாடு, கெழடு கட்டை எல்லாத்தையும் படகுல ஏத்திக்கிட்டு ஊரே கரைக்குப் போயிடுச்சு. செண்பகவல்லி புருஷனும் மாட்டப் படகுல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். ஆனா செண்பகவல்லி போகல. ஏன்னா, கெளம்புற நேரத்துல அமலுக்கு இடுப்பு வலி கண்டுடுச்சு. இன்னும் மாசம் ஆகல, அதுக்குள்ள வலி. துடிக்கிறவள எப்படிப் படகுல ஏத்துறது? இஞ்ஞாசியும் சின்னப் படகு ஒண்ண நிறுத்திக்கிட்டு பொண்டாட்டிகூட இருந்துட்டான்.

"நீங்க போங்க. நான் இவகூட இருக்கேன்"னு சொல்லிட்டா. சொல்லிட்டாளே ஒழிய, அவளுக்கு அதுல பழக்கம் இல்ல. பசு மாட்டுக்குத்தான் அவ பிரசவம் பாத்திருக்கா, மனுசிக்குப் பாத்ததில்ல.

விடியக்காலம் புள்ள பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. ஒரு கையில அடங்குது, எலிக்குஞ்சு மாதிரி. வீல்னு கத்தணும்ல? கத்தல. க்கீ...ன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். உதடு நீலம் பாரிச்சிருக்கு. மூச்சு வருது, நிக்குது. மறுபடி வருது, நிக்குது.

இஞ்ஞாசி பதறிட்டான். "நர்சம்மாவக் கூட்டியாரேன்"னு துண்டத் தலையில கட்டுனான். அப்போ அமலு பாயில கெடந்தபடியே, "அப்படியே கோயில் சாமியாரையும் கூட்டியாங்க. புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்"ன்னா. அவன் தலைய ஆட்டிட்டு, அந்த ஆத்துச் சுழிப்புலயும் சின்னப் படக இழுத்து விட்டுட்டுப் போயிட்டான்.

போனவன் வரல. மழை வெறிச்சுது, மறுபடி புடிச்சுது. ஆறு ஹோ...ன்னு எரையுது. வாசல்ல தண்ணி வந்துடுச்சு. சளக்கு, சளக்குன்னு படியில அடிக்குது. செண்பகவல்லி புள்ளையப் பழைய சீலையில சுத்தி, தன் நெஞ்சுச் சூட்டுல வச்சுக்கிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்குறா. கீழ்ப்படி முழுகிடுச்சு. உள்ள வந்து அமலுவத் தொட்டுப் பாத்தா, கொதிக்குது. சொரம். பல்லு கிடுகிடுங்குது. எந்திரிச்சு ஒக்காரக்கூடத் தெம்பு இல்ல.

"அக்கா, படகு வருதா?"

"வரும்டி. வந்துக்கிட்டு இருக்கும்."

"அக்கா, புள்ள எப்படி இருக்கு?"

செண்பகவல்லி புள்ள மூக்குகிட்ட வெரல வச்சா. காத்து வருதா, வரலியான்னே தெரியல. அப்புறம் லேசா, பஞ்சு பட்ட மாதிரி வந்துச்சு. ம் சொல்லு. ம்.

அப்போ அமலு சொல்றா, "அக்கா, நீங்களே குடுத்துடுங்க."

"எத?"

"ஞானஸ்நானம்."

"அடிப் பாவி, நானா? நான் உங்க கோயில் வாசப்படி மிதிச்சதில்லடி! உங்க சாமி என்னைய என்னான்னு கேக்காதா?"

"கேக்காதுக்கா. உபதேசியார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. உசுருக்கு ஆபத்துன்னா, சாமியாரும் இல்லேன்னா, யாரு வேணா குடுக்கலாம். வேதத்துல சேராதவங்ககூட குடுக்கலாம்."

"குடுக்கலேன்னா பச்சப் புள்ளைய உங்க சாமி வேண்டாம்னு தள்ளிடுமா?"

அமலு கண்ண மூடிக்கிட்டா. ஓரமாத் தண்ணி வழியுது. "தள்ள மாட்டாருக்கா. அவரு புள்ளைங்களத் தூக்கி மடியில வச்சுக்கிட்டவரு. ஆனா என் மனசு கேக்கலியே. எம் புள்ள அவரு புள்ளையா ஆகிடுச்சுன்னு எனக்குத் தெரியணும். நான் பெத்ததுக்கு என்னால குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்."

இதுக்கு மேல என்னத்தச் சொல்றது? செண்பகவல்லி எந்திரிச்சா. "தண்ணி எது? கோயில்லேருந்து கொண்டாந்த தண்ணி இருக்கா?"

"நல்ல தண்ணியா இருந்தாப் போதும்."

தண்ணிக்கா பஞ்சம்? ஊரச் சுத்தித் தண்ணிதான். ஆனா எல்லாம் செக்கச் செவேல்னு சேத்துத் தண்ணி. அடுப்பங்கரையில பானைக்கடியில குடிக்கிற தண்ணி கொஞ்சம் கெடந்துச்சு. செம்புல சரிச்சு எடுத்தா. சில்லுன்னு இருந்துச்சு. புள்ளைக்குக் குளிர் அடிச்சுடுமேன்னு அதுக்கு வேற பயந்து, அடுப்பு ஓரமா வச்சு வெதுவெதுன்னு ஆக்கிக்கிட்டு வந்தா.

"என்னா சொல்லணும்?"

"தலையில மூணு தரம் ஊத்தணும். ஊத்தும்போதே சொல்லணும். பேரச் சொல்லி, 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.'"

ஆவின்னதும் செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஆவியா? ஏன்டி, புள்ள இருக்கிற இருப்புல பேய் பிசாசக் கூப்புடச் சொல்றியா?"

அந்த நெலமையிலயும் அமலுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "பேய் இல்லக்கா. மூச்சுன்னு வச்சுக்குங்க. நமக்குள்ள இருந்து தைரியம் குடுக்குறாரே, அவரு. பிதான்னா எல்லாத்தையும் படைச்சவரு. சுதன்னா அவரு மகன் இயேசு. மனுசனாப் பொறந்து, நம்ம பாவத்துக்காகச் சிலுவையில செத்து, மூணாம் நாள் எந்திரிச்சவரு."

"அப்போ மூணு சாமியா?"

"ஒரே சாமிதான்."

"மூணுங்குற, ஒண்ணுங்குற..."

"எனக்கும் முழுசாப் புரியாதுக்கா. சாமியாரே முழுசாப் புரியாதும்பாரு." மூச்சு வாங்குது அவளுக்கு. "தண்ணி ஊத்துறது என்னான்னா, இயேசுவோட சேந்து சாகுற மாதிரி, அவரோட சேந்தே எந்திரிக்கிற மாதிரி. அதுக்கப்புறம் சாவு வந்தாலும் அதோட முடிஞ்சுடாது. அதத்தான் நாங்க நம்புறோம்."

செண்பகவல்லி அதக் கேட்டுக்கிட்டே வாசலப் பாத்தா. நடுப்படியும் முழுகிடுச்சு.

"சரி, பேரு என்னா வைக்கிற? பேரச் சொல்லு!"

அமலு வாயத் தொறந்தா. சத்தம் வரல. கண்ணு மேல சொருகிடுச்சு. தலை ஒரு பக்கமாச் சாஞ்சுடுச்சு. "அமலு! அடி அமலு!" கன்னத்துல தட்டுறா, தட்டுறா, அவ முழிக்கல. மூச்சு இருக்கு, நெனவு இல்ல.

இப்போ யாரு இருக்கா சொல்லு? ஊரே காலி. வெளிய ஆறு. உள்ள நெனவில்லாம ஒருத்தி. கையில புள்ள. அந்தப் புள்ளைக்கு உதடு இன்னும் கருத்துக்கிட்டு வருது.

செண்பகவல்லி செம்ப எடுத்தா. மொதல் தரம் ஊத்தப் போனா, வார்த்தையே வரல. செம்பக் கீழ வச்சா. ரெண்டாந்தரம் எடுத்தா, செம்பு சாஞ்சு தண்ணி தலையில படாம பாயில கொட்டிடுச்சு. ஐயோ, இருக்கிறதே கொஞ்சம்! செம்புக்குள்ள எட்டிப் பாத்தா, அடியில ரவையூண்டு தண்ணி கெடக்கு. இதுவும் போச்சுன்னா வேற இல்ல. சுவத்துல மாட்டியிருந்த சிலுவையப் பாத்தா. "சாமி, எனக்கு உன்னைத் தெரியாது. இவளுக்குத் தெரியும். இவ என்னா செய்யச் சொன்னாளோ அதச் செய்யுறேன். குத்தம் இருந்தா என்னோட வச்சுக்க, புள்ளைமேல வைக்காத"ன்னா.

மூணாந்தரம் எடுத்தா. பேரு? என்னா பேரு? வேதக்காரங்க பேரு ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. வாயில வந்தது அது ஒண்ணுதான்.

"கண்ணு! பிதா..." ஒரு சொட்டு நெத்தியில ஓடுச்சு. "சுதன்..." ரெண்டாவது. "பரிசுத்த ஆவியின் பேராலே..." மூணாவது. "நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்டி, கண்ணு."

செம்பு காலி.

என்னா ஆச்சுங்குறியா? ஒண்ணும் ஆகல. இடி இடிக்கல, வெளிச்சம் வரல. புள்ள அப்படியேதான் கெடந்துச்சு. செண்பகவல்லி தலையத் தொடச்சு, ரவிக்கைக்குள்ள வச்சு அணைச்சுக்கிட்டு ஒக்காந்தா. தப்பாச் சொல்லிட்டோமோ? 'டி' போட்டுச் சொன்னது குத்தமோ? கண்ணுன்னு ஒரு பேரா? ஒவ்வொரு மூச்சுக்கும் காது குடுத்துக்கிட்டு, அடுத்தது வருமா வருமான்னு அப்படியே இருந்தா.

அப்புறம் டுப்பு டுப்பு டுப்புன்னு ஒரு சத்தம். மோட்டார் படகு! இஞ்ஞாசி வரான், நர்சம்மா வராங்க, கூடவே வெள்ளை அங்கி முட்டி வரைக்கும் நனைஞ்சு ஒட்ட, சாமியாரும் வராரு. சின்னப் படகு போற வழியிலயே கவுந்து, இஞ்ஞாசி நாணலப் புடிச்சுத் தப்பிச்சு, மீன் புடிக்கிறவங்க காலப் புடிச்சு அந்தப் படகக் கொண்டாந்திருக்கான்.

நர்சம்மா புள்ள நெஞ்சுல காத வச்சாங்க. "உசுரு இருக்கு. சீக்கிரம், சீக்கிரம்!"ன்னாங்க. அமலுவத் துணியில போட்டுத் தூக்கிப் படகுல ஏத்துனாங்க.

படகு நடு ஆத்துல ஆடுது. அப்போ செண்பகவல்லி மெதுவா, "சாமி, தெரியாத்தனமா நான் ஒண்ணு செஞ்சுட்டேன்"னு நடந்ததச் சொன்னா. இஞ்ஞாசி அவளையே பாக்குறான். சாமியார் மொகத்துல சிரிப்பு இல்ல. குனிஞ்சு ஒக்காந்தாரு.

"என்ன தண்ணிம்மா?"

"குடிக்கிற தண்ணி சாமி. பானைத் தண்ணி."

"என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னா. 'டி' போட்டதையும் மறைக்காம சொன்னா. அலை தொப்புன்னு படகுல அடிச்சுது.

"அதச் சொல்லும்போது மனசுல என்ன நெனச்சீங்க?"

இதுதான் அவ பயந்த கேள்வி. பொய் சொல்லத் தெரியல அவளுக்கு. "எனக்கு உங்க சாமியப் பத்தித் தெரியாது சாமி. மூணுன்னு அமலு சொன்னதே புரியல. உங்க கோயில்ல இதச் செய்யும்போது என்னா செய்வீங்களோ, அதையே நானும் செய்யணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

சாமியார் கண்ணு கலங்கிடுச்சு. "அம்மா, அதத்தான் நெனைக்கணும். அது போதும். ஞானஸ்நானம் ஒரு தடவைதான். நீங்க குடுத்தது குடுத்ததுதான். இனிமே நானே நெனச்சாலும் இந்தப் புள்ளைக்கு மறுபடி குடுக்க முடியாது"ன்னாரு. அப்புறம் புள்ளையோட நெத்தியில கட்டவெரலால சிலுவை போட்டு, "என்னம்மா கண்ணு"ன்னாரு.

செண்பகவல்லி சேலைய வாயில அழுத்திக்கிட்டு அழுதா பாரு, படகோட்டி திரும்பிப் பாத்தான்.

தூங்கிட்டியா? இல்லியா? ம்.

புள்ளைய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. இன்னிக்கு நல்லா இருக்குங்குறாங்க, நாளைக்குச் சந்தேகம்ங்குறாங்க. சொரம் எறங்கி எந்திரிச்ச அமலு அந்த ஆஸ்பத்திரிச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு செபமாலைய உருட்டிக்கிட்டே இருந்தா. தை பொறந்து, புள்ளைக்கு ஒடம்புல சதை புடிச்ச பொறவுதான் வீட்டுக்கு விட்டாங்க.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, மிச்சச் சடங்கையும் கோயில்லயே செஞ்சுடலாம்னு சாமியார் சொல்லி அனுப்புனாரு. செண்பகவல்லியும் போயி, கோயில் வாசல்லயே நின்னா. செருப்ப எங்க விடுறது, எந்தப் பக்கம் ஒக்கார்றது, ஒண்ணும் தெரியல. எல்லாரும் தன்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. அமலு வந்து கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. புள்ளைய வேதத்துல வளக்கப் பொறுப்பு ஏத்துக்குற ஞானத்தாயா நிக்கிறதுக்கு வேதத்துல சேந்தவங்கதான் வேணும், அதனால இஞ்ஞாசியோட அக்கா நின்னா. சாமியார் புள்ளைக்கு உச்சியில எண்ணெய் பூசுனாரு, வெள்ளைத் துணி போத்துனாரு, பெரிய மெழுகுதிரியிலேருந்து ஒரு சின்னத் திரியக் கொளுத்திக் குடுத்தாரு. தண்ணி மட்டும் ஊத்தல. ஊத்துனவங்க இதோ இருக்காங்கன்னு எல்லாருக்கும் செண்பகவல்லியக் காட்டுனாரு. அவளுக்கு எங்க போய் ஒளியிறதுன்னு தெரியல.

அப்புறம் பூசை நடந்துச்சு. கடைசியில எல்லாரும் வரிசையா எந்திரிச்சு முன்னாடி போறாங்க. நாமும் போகணுமோன்னு செண்பகவல்லியும் எந்திரிச்சா. அமலு காதுகிட்ட வந்து, "அக்கா, இது நற்கருணை. அப்பந்தான், ஆனா அதுல இயேசுவே வராருன்னு நாங்க நம்புறோம். ஞானஸ்நானம் வாங்கி, அதப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட பொறவுதான் வாங்கணும். நீங்க இருங்க. கோவிச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, புள்ளைய அவ மடியில வச்சுட்டுப் போனா.

பெஞ்சு காலி. முன்ன பின்ன எல்லாப் பெஞ்சும் காலி. எல்லாரும் போயிட்டாங்க, தான் மட்டும் ஒக்காந்திருக்கோமேன்னு செண்பகவல்லிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்போ கீழ குனிஞ்சு பாத்தா. மடியில கண்ணு. அவளுக்கும்தான் இன்னும் அத வாங்குற வயசு வரல. அவளும்தான் போகல. கைய ஆட்டி ஆட்டி, மேல தொங்குற வெளக்கப் பாத்துக்கிட்டு, ங்கா...ங்குறா.

"நம்ம ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்டி"ன்னு செண்பகவல்லி சொன்னா. காலச் சம்மணம் போட்டு நல்லாச் சாஞ்சு ஒக்காந்துக்கிட்டா. பாட்டு முடியிற வரைக்கும் அப்படியே இருந்தாங்க ரெண்டு பேரும்.

அவ்வளவுதான், கதை கரை ஏறிடுச்சு. நீயும் போர்வைக்குள்ள ஏறு. கண்ண மூடு. ம்... தூங்கு.