கோணவாயனின் விரதம்

அரசர்கள் மழையைக்கூடத் தாங்கள்தான் பெய்வித்ததாகச் சொல்லிக்கொண்ட அந்தக் காலத்தில், மருதங்காடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசன் பெயர் மகிழ்மாறன். நல்லவன்தான். யோக்கியமானவர்களைக் கண்டுபிடித்துக் கௌரவிக்க வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. அரண்மனைக்குள் தேடிப் பார்த்தான், ஒருவரும் கிடைக்கவில்லை.

அரசனின் நெற்களத்தைக் கூட்டிப் பெருக்கியவள் காத்தாயி. அவளிடம் ஒரு சேவல் இருந்தது. முட்டையை விட்டு வரும்போதே அதன் மேல் அலகு ஒரு பக்கம், கீழ் அலகு ஒரு பக்கம். தரையில் கிடக்கும் தானியத்தை அதனால் எடுக்க முடியாது. கூடப் பொரிந்த குஞ்சுகள் கொத்தித் தின்று கொழுத்தன. இது எலும்பும் தோலுமாய் நின்றது.

"இதைப் போய் வளர்க்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

காத்தாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பங்கூழைக் கரைத்து, ஆழமான கொட்டாங்கச்சியில் ஊற்றி, "பா... பா... பா" என்று கூப்பிடுவாள். அது முகத்தை முழுசாக உள்ளே முக்கி அள்ளிக் குடிக்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று இதே வேலை. கோணவாயன் என்று பெயரும் வைத்தாள். கட்டிய புருஷனிடம்கூட அவள் அவ்வளவு கொஞ்சிப் பேசியதில்லை.

அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூற்றிய நெல்லைக் குவித்து, குவியல் மேல் சாம்பலால் குறி போட்டு வைப்பார்கள். யாராவது ஒரு பிடி அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கலைத்தது மனுஷன் என்றால் சவுக்கடி. கோழி என்றால், களத்தைக் காக்கும் மணியக்காரர் வீட்டுக் குழம்புச் சட்டி.

ஒரு நாள் காலையில் குவியலின் உச்சியில் கோணவாயன் நின்றது. குறியெல்லாம் கலைந்து கிடந்தது. மணியக்காரர் கத்தியோடு வந்துவிட்டார்.

காத்தாயி ஓடி வந்து குறுக்கே நின்றாள். வாய் கோணல் என்று உண்மையைச் சொன்னால், ஊனக்கோழி எதற்கு என்று இன்னும் சீக்கிரமாக அறுத்திருப்பார். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஐயா, ஐயா! இது மத்த கோழி மாதிரி இல்லீங்க. அடுத்தவங்க பொருள்ல ஒரு மணி தொடாதுங்க. வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

அடுத்தவர் பொருளைத் தொடாத உயிரா! செய்தி கேட்ட அரசன் களத்துக்கே ஓடி வந்தான். சேவலைக் கம்புக் குவியல் மேல் விட்டார்கள். தினையின் மேல் விட்டார்கள். நெல்லின் மேல் விட்டார்கள். பாவம், பசியில் அது கொத்திக் கொத்திப் பார்த்தது. ஒரு மணிகூட அலகில் நிற்காமல் விழுந்தது.

"ஆகா, எடுத்ததையும் திருப்பி வைக்கிறது!" என்றார் மந்திரி. "வாயைக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறது பாருங்கள், அரசே!"

அரசன் கண்கலங்கிப் போனான். கோணவாயனைப் பல்லக்கில் ஏற்றி அரண்மனைக்குக் கொண்டுபோனான்.

முதல் நாள் வெள்ளித் தட்டில் நெல் வைத்தார்கள். தின்னவில்லை. இரண்டாம் நாள் தங்கத் தட்டில் அரிசி வைத்தார்கள். தின்னவில்லை. மூன்றாம் நாள் மாணிக்கம் பதித்த தட்டில் முந்திரிப் பருப்பே வைத்தார்கள். அதையும் தின்னவில்லை.

"விரதம் இருக்கிறது!" என்றார் மந்திரி. அரசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். அதிகாரிகள் தாங்களும் யோக்கியர்கள் என்று காட்ட, வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு நடமாடினார்கள். அதே கோணல் வாயோடு களத்து நெல்லையும் அள்ளினார்கள்.

சேவலோ நிற்கக்கூடத் தெம்பில்லாமல் மெத்தையில் சாய்ந்துவிட்டது. அதற்குத் தியானம் என்று பெயர் வைத்தார்கள்.

காத்தாயி கூழோடு தினமும் வாசலுக்கு வந்தாள். "விரதம் இருக்கும் இடத்தில் கூழா? போடி!" என்று காவலர்கள் விரட்டினார்கள். தன் பொய்தான் அதைக் கொல்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஊரார் எல்லோரும் சேவலைக் கும்பிட வரலாம் என்று அரசன் பறையறைவித்தான். காத்தாயி மடியில் கூழ்க் கொட்டாங்கச்சியை மறைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனாள்.

"பா... பா... பா!"

மெத்தையிலிருந்து உருண்டு விழுந்தது கோணவாயன். தட்டுத்தடுமாறி ஓடி வந்து, கழுத்து வரைக்கும் கூழில் முகத்தை முக்கியது.

"விரதத்தைக் கெடுத்துவிட்டாள்!" என்று மந்திரி அலறினார். காவலர்கள் வாளை உருவினார்கள்.

"விரதமும் இல்லீங்க, வெங்காயமும் இல்லீங்க சாமி!" என்றாள் காத்தாயி. "அதைக் காப்பாத்த நான்தான் பொய் சொன்னேன். அதுக்கு வாய் கோணல். எடுக்க முடிஞ்சிருந்தா உங்க களத்தையே காலி பண்ணியிருக்கும். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அது வயிறு நிறையிற வரைக்கும் மட்டும் பொறுங்க."

ஒரு கோழியின் காலில் விழுந்துவிட்டோம் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள எந்த அரசனுக்குத்தான் மனம் வரும்? மகிழ்மாறன் யோசித்தான். பிறகு கையை உயர்த்தினான்.

"விரதம் இனிதே நிறைவேறியது! சேவல் வீடு திரும்பலாம்!"

மேளம் கொட்டியது. கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த கூழைப் பிரசாதம் என்று மந்திரியும் அதிகாரிகளும் அடித்துப் பிடித்துக் குடித்தார்கள். அந்தச் சந்தடியில் காத்தாயி கோணவாயனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவள் சொன்ன உண்மையை அங்கே ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவளுக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. சேவலுக்குச் சாயங்காலக் கூழ் கரைக்க வேண்டியிருந்தது.

ஆகவே கேட்டவர்களே, பட்டினி கிடப்பவனை உத்தமன் என்று கும்பிடுவதற்கு முன்னால், அவனால் சாப்பிட முடிகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.