சுருட்டுக் கட்டுக்குள் இருந்த முகம்

இலைக்கும் அட்டைக்கும்கூட வாய் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் காவிரிக் கரையில் மீராசா ராவுத்தர் என்றொருவர் சுருட்டு சுற்றி விற்றுவந்தார். நல்ல சரக்குதான். ஆனால் மாட்டுவண்டியில் ஏறி ஊர் ஊராகப் போவதற்குள் பாதி நசுங்கிவிடும். வாங்கியவர்கள் ராவுத்தரைத் திட்டினார்கள், ராவுத்தர் புகையிலையைத் திட்டினார்.

புகையிலைக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் கிடந்த வெற்று அட்டையைக் கூப்பிட்டு, என்னோடு கட்டுக்குள் வந்து முட்டுக் கொடுத்து நில் என்றது. அட்டை லேசில் மசியவில்லை. "உன்னைக் கொளுத்திச் சந்தோஷப்படுவார்கள், என்னைத் தெருவில் வீசுவார்கள். எனக்கு ஒரு முகம் வாங்கிக் கொடு, வருகிறேன்" என்றது. நியாயமான பேச்சுதான்.

ராவுத்தர் யோசித்தார். ஊரே கொண்டாடுவது சடுகுடுக்காரர்களை. அவர்கள் முகங்களை அட்டையில் அச்சடித்து, கட்டுக்கு ஒன்றாக வைத்தார். அட்டைக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே இருந்தபடியே, தன்மேல் இருக்கும் ஆட்டக்காரனின் பெயரைச் சொல்லிக் கூவியது. வண்டியிலும் படகிலும் ஏறிக் கடல் தாண்டியும் போனது. கடை வாசல்களில் பிள்ளைகள் கூடி நின்று, சுருட்டு வாங்குகிறவர்களிடம் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த முகங்களில் ஒன்று ஒண்டிமுத்துவுடையது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனால், தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். அவன் அப்பா அங்கப்பன் அதுவரை சுருட்டைத் தொட்டதில்லை. மகன் பெயரைக் கூவுகிற கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதை எறியவும் மனசு வரவில்லை. படத்தைப் பெட்டியில் வைத்தார், சுருட்டைப் பற்றவைத்தார். பாசமும் கஞ்சத்தனமும் ஒரே ஆளிடம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு ஆட்டத்தின்போது மகன் பெயரைச் சொல்லிக் கத்த எழுந்தவர், பாதிப் பெயரிலேயே இருமி உட்கார்ந்துவிட்டார். மூச்சை நம்பி ஆடுகிறவனுக்கு அந்தச் சத்தம் போதாதா? ஆட்டம் முடிந்ததும் ஒண்டிமுத்து கிளம்பினான்.

நேராக ராவுத்தரிடம் போய், இனித் தன் படத்தை அச்சடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவர் நல்ல மனிதர், அன்றே நிறுத்தினார். ஆனால் ஏற்கெனவே கடைகளுக்குப் போனவற்றை என்ன செய்வது? அவன் அட்டையிடமே கெஞ்சினான், அப்பா காதில் விழும்படி என் பெயரைச் சொல்லாதே என்று.

"ஒரு பெயரை மட்டும் மறைக்க எனக்குத் தெரியாது. வாயை மூடினால் எல்லாருக்குமாகத்தான் மூடவேண்டும்" என்றது அட்டை.

"மூடிக்கொள்" என்றான் ஒண்டிமுத்து. அதோடு எந்தக் கட்டிலிருந்தும் சத்தம் வரவில்லை.

இனி அப்பா பிழைத்தார் என்று அவன் நிம்மதியாக இருந்தான். அங்கேதான் கணக்கு தப்பியது. கடைக்குப் போன அங்கப்பனுக்கு மகன் பெயர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக இல்லை என்றா அவர் நினைப்பார்? இதில் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்ததில் இருக்கும் என்று வாங்கி வாங்கிப் பிரித்தார். பிரித்ததையெல்லாம் புகைத்தும் தீர்த்தார். புகையிலை சிரித்தது. பெயர் தெரிந்து விற்றதைவிட, தெரியாமல் அது அதிகமாக விற்றது.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த ஒண்டிமுத்து, பிரித்துப் போட்ட கட்டுகளுக்கு நடுவில் அப்பா மூச்சுத் திணறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையில் இருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, செய்ததையெல்லாம் சொன்னான்.

"இத்தனையும் உன் மொகத்துக்காகத்தானடா பிரிச்சேன்" என்றார் அங்கப்பன்.

"அந்த மொகம் இங்கதானேப்பா இருக்கு. பாருங்க."

பார்த்தார். வெகுநாளாக மகனை அவர் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் சுருட்டுக் கடைப் பக்கமே போகவில்லை.

மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஒண்டிமுத்துவின் படம் இனி வராது என்று தெரிந்ததும், ஊர் ஊராக எல்லாரும் அதையே தேட ஆரம்பித்தார்கள். அன்று மூடிய வாயை அட்டை இன்றுவரை திறக்கவில்லை. அன்று முதல்தான், உள்ளே யார் என்று தெரியாமலே, வராத ஒரு முகத்துக்காக நாம் படம் வைத்த கட்டுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கிறோம்.