தெற்கே பாவடி

பூலாநத்தத்தில் பொழுது விடிவது தறிச் சத்தத்தில்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஒரு வேப்பமரத்தடியில், மாசிலாமணி அடிகளின் சபை இருந்தது. அடிகளுக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பலருக்குத் தலை நரைத்திருந்தது.

தியாகேசன் அப்படி நரைத்தவர்களில் ஒருவர். மாயவரத்துப் பக்கம் பிறந்தவர். ரயில்வேயில் பொறியாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். ஓய்வு பெற்றதும் குருவின் அருகிலேயே இருந்துவிடலாம் என்று மனைவி அபயாம்பாளுடன் இங்கே வந்து, ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார். இத்தனை வருஷத்தில் சொந்தமாக ஒரு கதவு கூட அவர்களுக்கு இருந்ததில்லை. எல்லாம் குவார்ட்டர்ஸ்.

அபயாம்பாளால் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில்தான் இருந்தாள். வீடு தேடப் புறப்பட்ட கணவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை யாரும் தூக்கக் கூடாது. நானே உருட்டிக்கிட்டு வெளியே போகணும். அப்படி ஒரு வீடு பாருங்க."

அப்படி ஒரு வீடு கிடைத்தது. முன்வாசல் வடக்கே, அங்கே வரிசையாகப் படிகள். தெரு குறுகலானது, படிகளுக்குப் பதிலாகச் சரிவு வைக்க இடமில்லை. ஆனால் கொல்லைப்புறம் தெற்கே. அங்கே தரை சமமாக இருந்தது. கொல்லைச் சுவருக்கு அப்பால் நீளமான வெட்டவெளி. சில கற்கள் நட்டிருந்தன. சாயங்கால நேரத்தில் ஒரு பூனையைத் தவிர அங்கே யாரும் இல்லை. சுவரை இடித்து ஒரு கதவு வைத்துவிட்டால் போதும்.

தியாகேசன் சபைக்கு ஓடினார்.

"சாமி, வீடு அமைஞ்சுடுச்சு. பத்திர வேலைக்கு ஒரு வக்கீல் வேணும். கோயமுத்தூர்ல நிரஞ்சன்னு ஒருத்தர் இருக்கார். பெரிய ஆபீஸ். எல்லாத்தையும் போன்லயே முடிச்சுக் கொடுத்துடறார். இங்கே கடைவீதியில பருவதம்னு ஒரு அம்மா இருக்காங்க. யாரை வச்சுக்கலாம்?"

அடிகள் வேப்பங்குச்சியால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரையும் ஒரே கேள்வி கேளுங்க. வீட்டுக்குத் தெற்கே என்ன இருக்குன்னு."

"சரி. பதிலை வந்து சொல்லட்டுமா?"

"பதில் வேண்டாம். பதில் சொல்றப்ப அவங்க எதைப் பார்க்கறாங்கன்னு பார்த்துட்டு வாங்க."

அன்றே தியாகேசன் கோயமுத்தூர் வக்கீலை வீடியோவில் அழைத்தார். நிரஞ்சன் சுறுசுறுப்பானவர். மரியாதையானவர். பழைய பத்திரத்தின் நகலை ஏற்கெனவே படித்து வைத்திருந்தார்.

"தெற்கேயா சார்? ஒரு நிமிஷம்." குனிந்து தாளைப் பார்த்தார். "தெற்கே பாவடின்னு போட்டிருக்கு. எழுத்துப் பிழை சார். பாதைன்னு எழுத வந்து பாவடின்னு எழுதியிருக்காங்க. அந்தக் காலத்து எழுத்தர் கையெழுத்து அப்படி. புதுப் பத்திரத்துல நான் பாதைன்னு திருத்திடறேன்."

"பாதைன்னா நான் கதவு வைக்கலாமா?"

"தாராளமா. கார் கூடப் போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை."

தியாகேசனுக்கு அந்த நிமிஷமே வீடு கைக்கு வந்துவிட்டது போல இருந்தது. ஆனாலும் குரு சொன்னதைத் தட்டாமல், மறுநாள் காலையில் கடைவீதிக்குப் போனார்.

பருவதம் கனத்த உடம்புக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். பெயர்ப்பலகையில் தன் பெயரைவிட ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

"ஏனுங்க, வீட்டுக்குத் தெற்கே என்ன இருக்கு?" என்று கேட்டார் தியாகேசன். ஊர்ப்பேச்சு அவர் வாயில் சரியாக உட்காரவில்லை.

பருவதம் பத்திரத்தைத் தொடவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். காலில் மாட்டினார்.

"வாங்க" என்றார்.

"எங்கேம்மா?"

"தெற்கே."

வீட்டின் கொல்லைச் சுவரைச் சுற்றிக்கொண்டு இருவரும் வெட்டவெளிக்கு வந்தார்கள். தியாகேசன் நின்றுவிட்டார். வெட்டவெளியைக் காணோம்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடுப்பளவு உயரத்தில், நூல் விரிந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான இழைகள், பக்கம் பக்கமாக, அரக்கு நிறத்தில். இருபுறமும் ஆண்களும் பெண்களும் நின்று கஞ்சி தோய்த்த பிரஷ்ஷால் அதை வருடிக்கொண்டு வந்தார்கள். குதிரையைத் தேய்த்துவிடுகிற மாதிரி இருந்தது. இளவெயிலில் நூல் மின்னியது.

"இதுதான் பாவு" என்றார் பருவதம். "சேலைக்கு நீளவாக்கில ஓடுற நூல். தறியில ஏத்தறதுக்கு முன்னால இப்படி நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கணும். அதுக்கு விட்ட இடம் பாவடி. இந்த இடம் எந்த ஒருத்தருக்கும் சொந்தமில்லை. தெருவுக்கே சொந்தம்."

"அந்தக் கல்லெல்லாம்? மாடு கட்டன்னு நினைச்சேன்."

பருவதம் சிரித்த சிரிப்பில் பாவு வருடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாடு கட்டவா! ஐயா, இதை இங்கே சத்தமாச் சொல்லீராதீங்க. அது பாவு இழுத்துக் கட்டற கல்லுங்க."

"கோயமுத்தூர் வக்கீல் பாதைன்னு திருத்தறேன்னு சொன்னாரே."

"நல்லாப் படிச்சவராத்தான் இருப்பாரு. இந்த வார்த்தை காலேஜுல இல்லீங்க. எங்க ஊருல இருக்கு." அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நான் கோர்ட்டுல தோத்த கேஸ் உண்டு. பாவடி கேஸுல தோத்ததில்லை. இதைப் பாதைன்னு எழுதிக்கிட்டு வர்றவங்களுக்கு எதிரா முதல் ஆளா நான்தான் நிப்பேன். அது நீங்களா இருந்தாலும்."

"அப்ப என் மனைவி எப்படிம்மா வெளியே வர்றது? அவ சக்கர நாற்காலியில இருக்கா. இந்தச் சுவர்ல கதவு வச்சாத்தான் உண்டு."

பருவதத்தின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"பத்திரத்துல பாவடின்னே எழுதுவோம். கதவுக்கு ஊர்க்கூட்டத்துல கேளுங்க. நான் கூட வர்றேன். கொடுத்த பிறகு வீட்டை வாங்கலாம்."

"கொடுக்கலைன்னா?"

"வேற வீடு பாக்கலாம்."

தியாகேசன் சபைக்குத் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"எதைப் பார்த்தாங்க?" என்று கேட்டார் அடிகள்.

"அவர் தாளைப் பார்த்தார். இந்தம்மா செருப்பைப் பார்த்தாங்க. ஆனா சாமி, அந்தம்மாவுக்குத் தலைக்கனம் தாங்கலை."

"வக்கீல் தலையில கனம் இருக்கிறது நல்லதுதானே. வெறுந்தலையா வேணும்?"

தியாகேசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாலம் கட்டினவன் சாமி நான். நான் கையைக் காட்டினா ரயில் நிக்கும். இப்ப என் வீட்டுக்குக் கதவு வைக்கக் கூட்டத்துல போய் நின்னு கேட்கணுமாம். பாதைன்னு எழுதிட்டா அது உரிமை. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"கோயமுத்தூர்க்காரர் எழுதித் தர்றது நல்ல பாதையா?"

"தாளில நல்ல பாதை சாமி. கார் போகிற அளவு."

"அப்ப உங்க வீட்டம்மாவைத் தாளிலயே போகச் சொல்லுங்க."

தியாகேசன் எழுந்து போய்க் கோயமுத்தூருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

நிரஞ்சன் நல்ல மனிதர். "பிழை என்னோடது சார். அந்தம்மாவையே வச்சுக்கோங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பிள்ளையார் கோயில் முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. தியாகேசன் அபயாம்பாளின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பருவதம் பக்கத்தில் நின்றார்.

கூட்டத்தை நடத்தும் பெரியதனக்காரர் குழந்தைவேலு தாம்பூலத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

"வாங்க சார். எங்க பாவடியைக் கோயமுத்தூருல இருந்துக்கிட்டே பாதையாக்கிப்புட்டாங்களாமே? தார் எப்பங்க போடறீங்க?"

கூட்டம் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "மாடு கட்டக் கல்லும் இருக்குதுங்க சார்!" என்றார்கள். தியாகேசன் பருவதத்தைப் பார்த்தார். பருவதம் கோயில் கோபுரத்தைப் பார்த்தார்.

தியாகேசன் கைகூப்பினார்.

"எனக்கு வார்த்தை தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். பத்திரத்துல பாவடின்னுதான் எழுதப் போறோம். கொல்லைச் சுவர்ல ஒரு கதவு வைக்க உங்ககிட்ட அனுமதி கேட்டு வந்திருக்கேன்."

"கார் வருமா?"

"வராது. இந்த நாற்காலி மட்டும்தான்."

குழந்தைவேலு நாற்காலியைப் பார்த்தார். "சாயங்காலம் பாவடி சும்மாத்தான் கிடக்கும். அப்பப் போய்க்கலாமே, அம்மா?"

அபயாம்பாள் தலையை நிமிர்த்தினாள்.

"மன்னிக்கணும். எனக்குக் காலையில வெளியே வரணும். எல்லாரும் வேலைக்குப் போறப்ப நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்."

"காலையில பாவு நிக்குமே, அம்மா."

தியாகேசன் நாற்காலியைத் திருப்பப் போனார். இந்த வீடும் போயிற்று என்று அவர் நினைத்தார்.

"நின்னா என்னங்க?" என்றாள் ஒருத்தி. நாச்சாயி என்று பெயர். கைகளில் கஞ்சி காய்ந்திருந்தது. "ஒரு முனையில கொஞ்சம் தளர்த்திட்டு நூலைத் தூக்கிப் புடிச்சா, நாற்காலி அடியில போயிராதா?"

"நூல் அறுந்துபோச்சுன்னா?" என்றார் குழந்தைவேலு.

நாச்சாயி இடுப்பில் கை வைத்தாள்.

"நம்ம தெருக் கையில என்னைக்குங்க பாவு அறுந்திருக்கு?"

அந்தத் தெருவில் அதற்கு எப்படி எதிர்ப்பேச்சு இருக்கும்? குழந்தைவேலு தாம்பூலத்தை மறுகன்னத்துக்கு மாற்றினார். "கதவு வச்சுக்குங்க சார்" என்றார்.

பருவதம் அங்கேயே தீர்மானம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரமே பத்திரம் பதிவானது. தெற்கே பாவடி என்று அதில் இருந்தது. தியாகேசன் தீர்மான நகலைக் கேட்டபோது பருவதம் கொடுத்தார்.

"பத்திரமா வையுங்க. ஆனா ஒண்ணு. நூலைத் தூக்கப் போறது கையெழுத்து இல்லீங்க. கை."

புதுக் கதவு திறந்த அன்று காலை, அபயாம்பாள் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசல் தாண்டினாள். எதிரே பாவு விரிந்திருந்தது. அவள் சுவரோரமாக நின்றாள்.

"கொஞ்சம் வழி விடறீங்களா?" என்று கேட்டாள்.

"வாங்கம்மா" என்றாள் நாச்சாயி.

மறுமுனையில் ஒருவர் கல்லில் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தினார். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், பாவுக்கு அடியில் மூங்கிலைக் கொடுத்து மெல்லத் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். அரக்கு நிற நூல் ஒரு பந்தல் போல எழுந்தது. அதன் அடியில் நாற்காலி போயிற்று. அபயாம்பாள் குனியவே இல்லை. ஓர் இழைகூட அறவில்லை.

அன்று சாயங்காலம் தியாகேசன் குருவின் முன்னால் உட்கார்ந்தார். பையிலிருந்து தீர்மான நகலை எடுத்துக் காட்டினார்.

"இதுல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க சாமி. நாளையிலேர்ந்து அவ கேட்காமலே போகலாம் இல்லையா? சொந்த வீட்டுக்காரி தினமும் வழி கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

அடிகள் நகலை வாங்கிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு அம்மா கேட்டாங்களே, அப்ப நூலைத் தூக்கினவங்க எப்படி நின்னாங்க?"

தியாகேசன் யோசித்தார்.

"தேர் வடம் பிடிச்சவங்க மாதிரி சாமி. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு."

"அம்மா?"

தியாகேசன் கையிலிருந்த நகலை மடித்தார்.

"தேர்ல வந்த மாதிரி."

"அப்ப நாளைக்கும் கேட்கச் சொல்லுங்க" என்றார் அடிகள்.